சாமிக்கு வளர்த்த முடி

நேர்ந்துகொண்டது அம்மா, வளர்த்தது அப்பா. எங்கள் வீட்டில் முக்கியமான காரியங்கள் பலவும் இந்த ஏற்பாட்டின்படிதான் நடக்கும். எனக்கு டெங்கு வந்து, காய்ச்சல் இறங்காமல், தண்ணீர் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தபோது அம்மா பழனி முருகனிடம் நேரடியாகப் பேசிவிட்டாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் தன் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் முடி வெட்டாமல், தாடி எடுக்காமல் இருந்து, மலைக்கு வந்து மொட்டை போடுவார் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அப்பாவுக்கு விஷயம் மறுநாள்தான் தெரியும். நேர்ந்துகொள்கிறவள் தன் முடியை நேர்ந்துகொண்டால் என்னவாம் என்று அவர் கேட்டதற்கு, மொட்டைத் தலையை வைத்துக்கொண்டு நான் பூவை எங்கே வைப்பது என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். அப்பா வளர்க்க ஆரம்பித்தார்.

நாங்கள் விருதுநகர்ப் பக்கத்து ஆட்கள். அப்பாவுக்குப் புனேயில் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் லேத் மிஷினில் வேலை, வீடு தாபோடியில். சுற்றுகிற மிஷின் முன்னால் தலையை விரித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் கண்டித்துச் சொன்னதால், முடி தோளுக்கு வந்ததும் அப்பா கொண்டை போட ஆரம்பித்தார். கொண்டை போட அம்மாதான் கற்றுக்கொடுத்தாள். கூட வேலை பார்ப்பவர்கள் அவரை ‘பாபா’ என்று கூப்பிட்டார்கள். லீவு கேட்கப் போகிற ஆட்கள் முதலில் இவர் காலைத் தொட்டுவிட்டுத்தான் ஆபீஸ் அறைக்குள் போவார்களாம். வெளியில் முகத்தைச் சுளித்துக்கொண்டாலும், உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். கண்ணாடி முன்னால் முன்னைவிட அதிக நேரம் நின்றார். அம்மாவின் தேங்காய் எண்ணெய் பாட்டில் சீக்கிரம் சீக்கிரம் காலியானது.

கொண்டையால் ஒரே ஒரு தொந்தரவு. ஹெல்மெட் தலைக்குள் இறங்க மறுத்தது. கொண்டையை மேலே ஏற்றிப் போட்டுப் பார்த்தார், கீழே இறக்கிப் போட்டுப் பார்த்தார். அவிழ்த்துவிட்டுப் போனால் திரும்பி வந்ததும் அம்மா உட்கார்ந்து சிக்கெடுக்க வேண்டும். கடைசியில் ஹெல்மெட் கொண்டையின் மேல் உட்கார்ந்திருக்க, வார் தாடைக்கு எட்டாமல் இரண்டு பக்கமும் தொங்க, அப்படியே ஸ்கூட்டரில் போய்வந்தார். சாமி காரியத்துக்கு வளர்க்கிற முடி, சாமி பார்த்துக்கொள்வார் என்று அம்மாவும் விட்டுவிட்டாள். கோடை விடுமுறையில் பழனி போக ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதுவரைக்கும்தானே என்று நினைத்தார்கள்.

சித்தப்பா புனேயிலேயே கோந்த்வாவில் இருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, லிஃப்ட் வைத்த வீடு, எல்லாம் இருந்தும் சித்தி அரைக்கிற மாவில் தோசை மட்டும் கல்லைவிட்டு எழும்பாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஒரு தூக்குவாளி நிறைய மாவு கொடுத்துவிடுவாள். அப்பா அதை ஸ்கூட்டர் முன்னால் மாட்டிக்கொண்டு போவார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனார். சித்தப்பா வீட்டுக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி. முன்னால் போன டெம்போ ஒன்று திடீரென்று திரும்பியது. அப்பா ஒரு பக்கம், ஸ்கூட்டர் ஒரு பக்கம், ஹெல்மெட் தனியாக ஒரு பக்கம். வழியில் போன யாரோ, இன்றுவரை எங்களுக்கு யாரென்றே தெரியாத ஆட்கள், அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டு, மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பாவின் போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டதும் அவர்கள்தான். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா இப்போதும் விளக்கேற்றும்போது சொல்வாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அடிபட்டவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு என்று கதவுமேல் மூன்று மொழியில் எழுதியிருந்தது. தமிழ் அதில் இல்லை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இந்தி தக்காளி வாங்கவும் ஆட்டோக்காரரோடு சண்டை போடவும் போதுமானது. அதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. சித்தப்பா இங்கிலீஷில் டாக்டரோடு பேசப் போயிருந்தார். நான் மராத்திப் பள்ளியில் நாலாவது முடித்த சிறுமி. அப்போதுதான் அந்தக் கதவு திறந்து, குட்டையாக, பருமனாக, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு சிஸ்டர் வெளியே வந்தார். அந்தப் பிரிவு நர்ஸுகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. குரல் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே கேட்கும். அவர் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, உங்கள் வீட்டுக்காரர் தலையில் இருக்கிற வெள்ளைப் பொருள் என்ன என்பதுதான்.

முடி, தாடி, காது, கொண்டை எல்லாம் ஏதோ வெள்ளையாக அப்பிக் காய்ந்திருக்கிறதாம். புளித்த வாடை வேறு அடிக்கிறதாம். தலையில் அடிபட்டவருக்கு இப்படி ஒன்று வந்தால் என்னவென்று தெரியாமல் டாக்டர் யோசித்துக்கொண்டிருக்கிறாராம். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதபடியே, தோசை மாவு என்றாள். நான் மராத்தியில் சொன்னேன். சிஸ்டர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு, நல்ல வேளை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்புறம் வெந்நீரில் பஞ்சை நனைத்து, தலையை அசைக்காமல், இழை இழையாக அந்த மாவைத் துடைத்து எடுத்தது அவர்தான் என்று கதவு திறக்கும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த வேலையை அவர் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அவரே செய்தார்.

பெரியவர்கள் அழும்போது குழந்தைக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, அந்தப் பாழாய்ப்போன கொண்டையால்தான் ஹெல்மெட் நிற்கவில்லை, இல்லாவிட்டால் அண்ணன் எழுந்து நடந்து வந்திருப்பார் என்று யாரிடமோ போனில் சொன்னார். நான் கணக்குப் போட்டேன். ஹெல்மெட் நிற்காதது கொண்டையால். கொண்டை நேர்த்திக்கடனால். நேர்த்திக்கடன் என் காய்ச்சலால். ஆக, அப்பா உள்ளே கிடப்பது என்னால். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், வராந்தா பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மூளை வீங்கியிருக்கிறது, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே திறந்து எடுத்தால் பிழைக்க வழியிருக்கிறது, தாமதித்தால் இல்லை என்றார். அம்மா தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெட்டுகிற இடத்தில் முடியை எடுத்துவிடுவார்கள் என்று சித்தப்பா தமிழில் சொன்னதும்தான் அம்மா நின்றுவிட்டாள். முடியை எடுக்கக் கூடாது என்றாள்.

“மதினி, உயிரா முடியான்னு இருக்கு. இப்ப போயி இப்பிடிப் பேசுறீகளே” என்றார் சித்தப்பா.

அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. என் தோளைப் பிடித்துச் சிஸ்டர் முன்னால் தள்ளினாள். “அது எங்க முடி இல்லன்னு சொல்லு. சாமிக்குக் குடுத்தாச்சு. அதக் குப்பையில போட்டா சாமி புள்ளையையும் விடாது, இவரையும் விடாதுன்னு சொல்லு.”

நேற்று நான் தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கையே அம்மாவும் போட்டிருக்கிறாள் என்று புரிந்தது. அழுதுகொண்டே எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பாவுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது. சிஸ்டர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு, “நவஸா?” என்று கேட்டார். மராத்தியில் நேர்த்திக்கடனுக்கு அதுதான் பெயர். பக்கத்து வீடுகளில் தினம் காதில் விழுகிற வார்த்தை என்பதால் அம்மாவுக்கே புரிந்தது. ஆமாம் ஆமாம் என்று கைகூப்பினாள்.

மராத்திக்காரர்கள் அக்காவைக் கூப்பிடுவது போல அம்மாவைத் தாயி என்று கூப்பிட்டுச் சிஸ்டர் சொன்னதை, நான் வார்த்தை மாறாமல் தமிழில் சொன்னேன்: “ஒரு முடி தரையில விழாது தாயி. நானே எடுக்கிறேன். எடுத்து உன் கையிலதான் குடுப்பேன்.”

அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. உயிர் வந்தவுடன் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பாதித் தலையை மட்டும் மழிப்பது கூடாது, எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும், அரை மொட்டையைச் சாமி ஏற்றுக்கொள்ளாது என்றாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒரு முடியையும் தொடக் கூடாது என்று நின்றவள் அவளேதான். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். சிஸ்டர் சிரிக்காமல் டாக்டரைப் பார்க்க, டாக்டர் சீக்கிரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். உள்ளே போகிறபோது சிஸ்டர் திரும்பி, எடுக்கும்போது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அரோகரா என்று சொன்னால் போதும் என்றாள் அம்மா. கதவு மூடுவதற்குள் சிஸ்டர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உள்ளே சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியாது. சொல்லியிருப்பார்.

அப்பாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மொட்டைத் தலை, தாடியில்லாத முகம், வாயில் குழாய். ரொம்ப நாள் கழித்து அப்பாவின் தாடையைப் பார்த்தேன். அங்கே ஒரு மச்சம் இருந்ததையே மறந்துபோயிருந்தேன். பின்னாலேயே சிஸ்டர் வந்து, ஒரு கண்ணாடிக் கவரை இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார். கொண்டையும் தாடியும் அதற்குள் இருந்தன. வாயைக் கட்டுத்துணி நாடாவால் முடிந்து, மேலே அப்பா பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி அம்மா குனிந்து வாங்கிக்கொண்டாள்.

சிஸ்டர் உடனே போய்விடவில்லை. என் முன்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. ஏன் ஒன்றும் சாப்பிடவில்லையாம் நீ என்று கேட்டார். எனக்குத் தாங்கவில்லை. காய்ச்சல், நேர்த்திக்கடன், கொண்டை, ஹெல்மெட் என்று என் கணக்கு முழுவதையும் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் பின்னந்தலையைத் தொட்டுக் காட்டி, அடி பட்ட இடத்தில்தான் கொண்டை இருந்தது, மெத்தை மாதிரி அது முதல் அடியை வாங்கிக்கொண்டது, அது இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாக ஆகியிருக்கும் என்று சொன்னார். மருத்துவப்படி இது சரியா என்று இன்றுவரை எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. அதற்கப்புறம்தான் எனக்குப் பசித்தது. அவரே போஹா என்கிற அவல் உப்புமா வாங்கிவரச் சொல்லி, அம்மாவையும் என்னையும் உட்காரவைத்து, முதலில் தின்னு, அப்புறம் அழு என்று அதட்டிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிகிறவரைக்கும் அம்மா அந்தக் கவரை மடியைவிட்டு இறக்கவில்லை. சாமி சொத்துக்குக் காவல் இருக்கிறாள் என்று நினைத்து நானும் நெருக்கி உட்கார்ந்துகொண்டேன். நடுவில் ஒரு தடவை அவள் நாடாவைக் கொஞ்சம் தளர்த்தி, கவருக்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். எனக்குத் திக்கென்றது. சாமிக்கு வாங்கின பூவை மோந்து பார்த்ததற்காக அவளிடமே நான் குட்டு வாங்கியிருக்கிறேன். “சாமிக்குக் குடுக்கிறத மோந்து பாக்கக் கூடாதும்மா” என்றேன். அம்மா முடிச்சை மறுபடியும் இறுக்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் அப்பா கண் திறக்கவில்லை. வீக்கம் வடிகிற வரைக்கும் மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறோம் என்றார்கள். அந்த நாட்களில் சிஸ்டர் எங்களுக்குச் செய்ததை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. உள்ளே எந்த மிஷின் எதற்குக் கூவுகிறது, எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். தூங்குகிறவரிடமும் ஒவ்வொரு தடவையும், பாவூ, ஊசி போடப்போகிறேன், பாவூ, இந்தப் பக்கம் திருப்பப்போகிறேன், பாவூ, இன்று புதன்கிழமை, வெளியே வெயில் கொளுத்துகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். பாவூ என்றால் அண்ணன், தம்பி எல்லாம். கேட்காதவரிடம் எதற்கு இத்தனை பேச்சு என்று சித்தப்பா கேட்டதற்கு, கேட்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது என்று மடக்கினார். மறுநாள் சித்தப்பாவே கட்டில் பக்கத்தில் குனிந்து நின்று, கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டிலருகே ஒட்டிவைக்க அப்பா போட்டோ ஒன்று கொண்டுவரச் சொன்னார் சிஸ்டர். வீங்கின முகத்தையும் குழாயையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தன் பெண்களுக்கே இவர் ஒரு மனுஷர், ஒரு குடும்பத்துக்காரர் என்பது மறந்துபோகும் என்றார். நர்ஸுகளைத்தான் அவர் பெண்கள் என்பார். அம்மாவிடம் சமீபத்தில் எடுத்த போட்டோ ஒன்றுதான் இருந்தது. கொண்டையும் தாடியும் நெற்றி நிறைய விபூதியுமாக, பொங்கலன்று எடுத்தது. அதை ஒட்டிய மறுநாளிலிருந்து தரை துடைக்க வருகிற அம்மாள் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று கைகூப்பினார்கள். இவர் சாமியார் இல்லை, லேத் மிஷின் ஆபரேட்டர் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. யாரும் நம்பவில்லை.

குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. நான் ராத்திரியெல்லாம் பிதற்றுகிறேன் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, சிஸ்டர் டாக்டரிடம் பேசி அனுமதி வாங்கினார். உள்ளே போகுமுன் வெளியிலேயே உட்காரவைத்து, நான் பார்க்கப்போவதை எல்லாம் சொன்னார். முகம் வீங்கியிருக்கும், அது இறங்கிவிடும். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையை மெத்தென்ற துணியால் கட்டியிருக்கிறோம், அது தண்டனை இல்லை. பயமாக இருந்தால் என் விரலை அழுத்து, வெளியே வந்துவிடலாம். நான் விரலை அழுத்தவில்லை. அப்பாவின் உள்ளங்கையில் தடவ ஒரு களிம்பைக் கொடுத்தார். இரும்புத் தூளும் எண்ணெயும் ஏறிக் காய்த்துப்போன கை அது. தினம் சாயங்காலம் வந்து தடவுவது உன் வேலை, வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்றார். அதற்கப்புறம் எனக்கு அழ நேரமில்லை. வேலைக்காரி மாதிரி நேரத்துக்குப் போனேன், கை கழுவினேன், தடவினேன். பள்ளிக்கூடத்துக் கதை, பூனைக் கதை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே தடவினேன்.

ஒரு சாயங்காலம் அந்தக் கை என் விரலைப் பிடித்தது. நான் கத்தினேன். ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்படிக் கத்தக் கூடாது. சிஸ்டர் ஓடிவந்தார், திட்டவில்லை. அப்பாவைப் பார்த்துவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் நடந்தது. கண் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். குழாயை எடுத்தார்கள். குரல் வருவதற்கு இன்னும் சில நாள் ஆகும் என்றார்கள். குரல் வந்த அன்று நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். அப்பா கட்டவிழ்த்த கையை மெதுவாகத் தூக்கித் தலையைத் தடவினார். மொட்டை. தாடையைத் தடவினார். அதுவும் மழமழவென்றிருந்தது. நெடுநேரம் யோசித்துவிட்டு அம்மாவைப் பார்த்து, கரகரத்த குரலில் கேட்டார்: “பழனி போயிட்டு வந்துட்டமா?”

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா என்ன சொன்னார் என்று சிஸ்டர் என்னைக் கேட்டார். நான் மராத்தியில் சொன்னதும் அவரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபின் அப்பாவுக்கு வார்த்தைகள் தட்டின. டம்ளர் என்று சொல்ல வந்து கதவு என்பார். தினம் எதையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லியிருந்தார்கள். மராத்திப் பிள்ளையான நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கூடவே கூட்டிப் படித்தேன். இன்று நான் தமிழில் நாலு வரி எழுதுகிறேன் என்றால் அது அப்படி வந்த தமிழ். நல்லதெல்லாம் எந்த வழியாக வருகிறது என்று யாருக்குத் தெரியும்!

அடுத்த வருஷம் பழனி போனோம். கவர் அதுவரை ஒரு பால் பவுடர் டப்பாவில், பூஜை அலமாரிக்கு மேலே இருந்தது. முடி எடுக்கிற இடத்தில் அம்மா கதையைச் சொன்னாள். அங்கிருந்தவர் கவரை வாங்கிப் பிரித்து, தண்ணீர் தெளித்து, அன்று இறங்கிய முடியோடு முடியாகச் சேர்த்தார். அத்தோடு விட்டிருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா அப்பாவை மறுபடியும் பலகையில் உட்காரவைத்துவிட்டாள். தழும்பின் ஓரமாகக் கத்தி போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே நேர்த்திக்கு இரண்டு மொட்டை போட்ட ஆள் நான் ஒருத்தன்தான் என்று அப்பா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது ஹெல்மெட் கச்சிதமாக இறங்குகிறது.

புனே திரும்பியதும் விபூதியும் பஞ்சாமிர்தமும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிஸ்டர் தன் அறையில் நின்றபடியே ஒரு கை பஞ்சாமிர்தத்தை வாங்கி நக்கிச் சாப்பிட்டார். விபூதியை அம்மா கையாலேயே பூசிக்கொண்டார். அப்பாவை வராந்தாவின் அந்தக் கோடிவரை நடந்து காட்டச் சொல்லி, தன் பெண்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள். அப்பா வெட்கப்பட்டார். மிச்சப் பஞ்சாமிர்தத்தை வைப்பதற்காகச் சிஸ்டர் சுவரலமாரியைத் திறந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன்.

மேல்தட்டில் கவர்கள் இருந்தன. நாங்கள் வாங்கிய அதே மாதிரிக் கண்ணாடிக் கவர்கள், வாய் கட்டுத்துணி நாடாவால் முடிந்து, ஸ்டிக்கர் ஒட்டி. உள்ளே முடி. கறுப்பு, நரை, மருதாணிச் சிவப்பு. இங்கிலீஷில் இருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மராத்திப் பெயர்கள், முஸ்லிம் பெயர்கள், ஒரு கிறிஸ்தவப் பெயர். ஒன்றில் சின்னதாக ஒரு பின்னல், ரோஸ் ரப்பர் பேண்டு போட்டபடியே இருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். என் வயசுப் பிள்ளைக்கும் நேர்ந்திருக்கிறார்களே என்று நினைத்தேன்.

“இவங்க எல்லாருக்கும் நவஸா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

சிஸ்டர் அலமாரியை மெதுவாகச் சாத்தினார். என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். “ஆமா கண்ணு. எல்லாருக்குந்தான்” என்று மராத்தியில் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவிடம் நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். புனேயில் இத்தனை பேருக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது, எல்லாச் சாமிக்கும் சிஸ்டர்தான் முடி பத்திரமாக எடுத்துவைக்கிறார் என்றேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, என் சினேகிதியின் அண்ணன் விபத்தில் அடிபட்டு வேறோர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் பிழைக்கவில்லை. எல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது ஒரு நர்ஸ் பின்னாலேயே வந்து, பெயர் ஒட்டிய ஒரு சின்னக் கவரை இரண்டு கையாலும் அவன் அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் அதைப் பிரித்து முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

நேர்த்திக்கடன் இல்லாவிட்டாலும் எங்கள் சிஸ்டர் அந்த முடியை எடுத்துவைத்திருப்பார். எல்லோருக்கும் எடுத்துவைத்தார். எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்க மறந்துபோவார்கள். அப்படிப் போகாதவர்களின் வீட்டார் கேட்டு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். அன்று இரண்டு கையாலும் கொடுத்தபோது, எதை எங்களிடம் கொடுக்கிறார் என்றும் அவருக்குத் தெரியும். சாமிக்கென்றே நாங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, சிஸ்டர் அந்தக் கவரை எதற்குக் கொடுத்தார் தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். எனக்கு அப்பவே தெரியும் என்றாள். அந்தக் கவரில் தேங்காய் எண்ணெயும் தோசை மாவுமாகக் கலந்து அப்பா வாசம் அப்படியே இருந்தது, நீதான் மோந்து பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாய் என்றாள்.